நடுக்கடலில் தெரியாத அலை கரையில் ஏன் எழுந்து நிற்கிறது?

நீங்கள் கேட்டவை இரண்டு. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளம் மாதிரி கிடக்கிற கடல், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி தனுஷ்கோடியில் ஏன் அப்படி வந்து அறைகிறது என்பது ஒன்று. படகில் போனபோது உள்ளே அலை இருப்பதே தெரியவில்லை, கரைக்குத் திரும்பும்போது மட்டும் ஆளை மறைக்கிற மாதிரி எழுகிறதே, அந்த உயரம் எங்கே இருந்து வந்தது என்பது மற்றது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் இரண்டுக்கும் முக்கியமான காரணம் கடலின் அடித்தரை. நாம் கரையில் நின்று பார்ப்பது மேல்மட்டத்தை; அலை தடவிக்கொண்டு வருவது அடிமட்டத்தை.

நான் மண்டபம் பக்கம் பிறந்தவன். அப்பா நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர், நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அப்பா சொன்னதையும் புத்தகத்தில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது முழுசாகப் பிடிபட்டது, அதனால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அலை என்றால் தண்ணீர் கரையை நோக்கி நகர்ந்து வருகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆழமான இடத்தில் அப்படி நடப்பதில்லை. வலையின் மிதவையைக் கவனித்துப் பாருங்கள்: அலை வரும்போது மேலேறிக் கொஞ்சம் முன்னே போகும், அலை கடந்ததும் இறங்கிப் பின்னே வரும், கடைசியில் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். தண்ணீரும் அதையேதான் செய்கிறது, இருந்த இடத்தில் வட்டமடிக்கிறது. திருவாடானைப் பக்கத்து நெல்வயலில் காற்று ஓடும்போது கதிர்கள் வரிசையாகத் தலை சாய்த்து நிமிருமே, கதிர் வயலை விட்டு எங்கும் போகாது, சாய்வுதான் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போகும், அது மாதிரி. கடலில் அப்படிப் பயணம் செய்வது ஆற்றல்.

அந்த வட்டம் மேலே பெரியதாகவும், கீழே போகப் போகச் சிறியதாகவும் இருக்கும். ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை உள்ள தூரம் அலைநீளம். அதில் பாதி அளவு ஆழத்துக்குப் போய்விட்டால் அசைவு கிட்டத்தட்ட அடங்கிவிடும், மேலே இருப்பதில் 100-க்கு 4 பங்குதான் மிஞ்சும். அலையின் உயரம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை பாருங்கள், இதுதான் மிக முக்கியம். அரை மீட்டர் உயரமே உள்ள அலைகூட, அது நீளமான அலை என்றால், நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் தரையைத் தொட்டு உணரும். இரண்டு மீட்டர் உயரத்தில் எகிறுகிற அலை, குட்டையான அலை என்றால், பதினைந்து மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

அலைநீளத்தைக் கடலில் யாரும் நாடா பிடித்து அளக்க முடியாது, ஆனால் எண்ண முடியும். ஓர் உச்சி போய் அடுத்த உச்சி வர எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பாடப்புத்தகத்தில் இதை அலைவு நேரம் என்பார்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலைக்கு இருந்த நீளம் மீட்டரில் வந்துவிடும். 4 விநாடி அலை என்றால் 25 மீட்டர் நீளம், மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம். 12 விநாடி அலை என்றால் 225 மீட்டர் நீளம், மணிக்கு 67 கிலோமீட்டர் வேகம். முதல் அலை 12 மீட்டர் ஆழம் வந்த பிறகுதான் தரையை உணரும்; இரண்டாவது அலை 112 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்கிவிடும். நீங்கள் படகில் இருந்தபோது அலை தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். நூறு இருநூறு மீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிற மேட்டில் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது, ஏறினோம் என்று உடம்புக்கே உறைக்காது.

சரி, இப்போது நம் இரண்டு கடலுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். அக்னி தீர்த்தம் பெண்கடல் பக்கம், தனுஷ்கோடியில் அறைகிற தென்கரை ஆண்கடல் பக்கம். பாம்பன் சாலைப் பாலத்தில், 1988-இல் திறந்தார்களே அதில், நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் தெற்குப் பக்கம் வெள்ளை நுரை பூத்துக் கிடக்கும், வடக்குப் பக்கம் மெழுகி விட்ட மாதிரி இருக்கும். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர் சுமார்தான். மேற்கேயும் வடமேற்கேயும் தமிழகக் கரை, கிழக்கே இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும். வங்காள விரிகுடாவிலிருந்து அலை உள்ளே வரவேண்டும் என்றால் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத வாசல் வழியாகத்தான் வரவேண்டும், வருவதற்குள் பாதி வலு போய்விடும். எனவே பாக் விரிகுடாவில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் அங்கேயே பிறந்த அலைகள். காற்று ஓடிப் பிடிக்கத் தூரம் போதாததால் அவை 3, 4, 5 விநாடி அலைகளாகவே நின்றுவிடுகின்றன. மன்னார் வளைகுடாவோ தெற்கே திறந்து கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த காற்றின் அலைகூட தடையில்லாமல் வந்து சேரும். அவை 10, 12 விநாடி, சில நாள் அதற்கும் மேல்.

ஒரு திருத்தமும் இங்கே சொல்ல வேண்டும். பெண்கடல் எப்போதும் சாது என்று வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று திரும்பியதும் நிலைமை தலைகீழ். பாக் விரிகுடா கலங்கிக் குத்துக் குத்தாக அலை எழும், மன்னார் பக்கம் தணிந்துவிடும். தனுஷ்கோடியில் தொழில் செய்பவர்கள் காலத்துக்குத் தக்கபடி இந்தக் கடலை விட்டு அந்தக் கடலுக்கு வலையை மாற்றிக்கொள்வது இதனால்தான். குட்டை அலை படகுக்கு ரொம்பவும் தொல்லை. ஒன்றின் மீதிருந்து இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், வந்து முட்டும். "பெரிய அலைய நம்பலாம், குட்டக் குட்ட அலையத்தான் நம்பக் கூடாது" என்று அப்பா சொல்வார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, உயரம். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்துக்கு வரும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இடைவெளி விட்டு வருகிறவர்கள் பாலம் ஏறியதும் கடலைப் பார்ப்பதற்காக 20-க்குக் குறைக்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை வண்டி ஏறுகிறதோ அத்தனைதான் இறங்கும், எண்ணிக்கை மாறாது. ஆனால் வண்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், பாலத்தின் மேல் நெரிசல். அலைக்கும் அதேதான் நடக்கிறது. தரை தட்டுப்பட்டதும் வேகம் குறைகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கும்: 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 10 மீட்டருக்குள், 5 மீட்டரில் 7 மீட்டர், 2 மீட்டரில் நாலரை மீட்டருக்குள். அலைவு நேரம் மட்டும் மாறவே மாறாது. 12 விநாடி அலையாகப் புறப்பட்டது கரையிலும் 12 விநாடிக்கு ஒரு முறைதான் வரும். வேகம் குறைகிறது, நேரம் மாறவில்லை, அப்படியானால் நீளம்தான் சுருங்க வேண்டும்; 225 மீட்டர் நீளமாக இருந்த அலை 2 மீட்டர் ஆழத்தில் 53 மீட்டராகிவிடும். பின்னாலிருந்து ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது, முன்னால் நகர்வு மெதுவாகிறது, ஆற்றல் குவிகிறது. குவிந்தது மேலே எழுகிறது. நீங்கள் கேட்ட உயரம் இங்கிருந்து வருகிறது. (நடுவில் ஒரு சின்ன இறக்கமும் உண்டு. தரையை முதன்முதலில் உணரும்போது உயரம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்து, அதன் பிறகே ஏறத் தொடங்கும். கண்ணுக்கு அது தெரியாது.)

இதற்கும் எல்லை உண்டு. அலையின் உயரம், அது நிற்கும் இடத்தின் ஆழத்தில் 100-க்கு 78 பங்கு அளவுக்கு வந்ததும் பெரும்பாலும் உடைந்துவிடும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கடலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆழ்கடலில் இரண்டு அலையும் ஒரே உயரம், ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 விநாடி அலை ஏறி ஏறி ஒன்றரை மீட்டராகி, 2 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் உடையும். 4 விநாடி அலையோ உயரம் கூடாமலே 1.3 மீட்டர் ஆழம் வரை வந்து உடையும். கரைக்குக் கொண்டுவரும் ஆற்றலிலும் இதே வித்தியாசம்: கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒவ்வொரு விநாடியும் 12 விநாடி அலை கொண்டுவந்து சேர்ப்பது, 4 விநாடி அலை கொண்டுவருவதைப் போல மூன்று மடங்கு. வானிலை அறிக்கையில் அலை உயரம் ஒரு மீட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு இரண்டு கரையும் ஒன்று என்று முடிவுகட்டினால் தப்பாகிவிடும் என்பதற்காகத்தான் இவ்வளவு எண்களைச் சொல்கிறேன்.

ஏன் உடைகிறது? அலையின் முன்பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் நிற்கிறது, உச்சி அதைவிட ஆழமான தண்ணீரின் மேல் வருகிறது, ஆகவே உச்சி வேகமாகவும் அடி மெதுவாகவும் ஓடுகின்றன. முன்முகம் செங்குத்தாகிக்கொண்டே போகும். உச்சியில் உள்ள தண்ணீரின் வேகம் அலையின் வேகத்தையே மிஞ்சும்போது அந்தத் தண்ணீர் அலையை விட்டு வெளியே பாய்கிறது. இந்த இடத்திலிருந்துதான் தண்ணீர் உண்மையிலேயே கரையை நோக்கி வருகிறது. எப்படிப் பாய்கிறது என்பது தரையின் சரிவைப் பொறுத்தது. அரியமான் மாதிரி தட்டையாக நீண்டு போகிற கரையில் உச்சியில் மட்டும் நுரை வழிந்து வழிந்து, நெடுந்தூரம் உடைந்துகொண்டே வந்து ஓய்ந்துவிடும், குழந்தைகள் காலை நனைக்கலாம். சரிவு கூடினால் உச்சி சுருண்டு குழல் மாதிரி வந்து ஒரே அடியாக விழும். தனுஷ்கோடி தென்கரையில் நீங்கள் கேட்ட "தொம்" என்ற சத்தம் அந்தக் குழலுக்குள் சிக்கிய காற்று நசுங்குகிற சத்தம். இன்னும் செங்குத்தான இடத்தில் அலை உடையாமலே கரைமேல் ஏறி அப்படியே சறுக்கித் திரும்பும். பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்த வகைதான் காலை வாருவதில் மோசம்.

தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் மற்ற எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்தவர்கள் பாசி எடுக்கிற பெண்கள். கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி, தீவுகளைச் சுற்றியுள்ள பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுப்பார்கள். அவர்களில் ஓர் அக்கா என்னிடம் சொன்னது: "மேல இருக்கையில அலை ஆளத் தூக்கித் தூக்கி இறக்கும் தம்பி. கீழ போயிட்டா தூக்காது, முன்னயும் பின்னயும் இழுக்கும். இழுக்கிறப்ப பாரைப் பிடிச்சுக்கணும், விடுறப்ப பிடுங்கணும்." நான் வகுப்பில் அரை மணி நேரம் படம் போட்டு நடத்துவது இதைத்தான். ஆழத்தில் வட்டமாக இருந்த தண்ணீரின் ஓட்டம், ஆழம் குறையக் குறைய நசுங்கி நீள்வட்டமாகிறது, தரையை ஒட்டி மேல்கீழ் அசைவே இல்லாமல் வெறும் முன்பின் ஓட்டமாகிவிடுகிறது. தெளிந்த நாளில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து பார்த்தால் மணலில் வரி வரியாக மடிப்பு தெரியும். அந்த முன்பின் ஓட்டம் போட்ட மடிப்பு அது.

அடுத்து, திரும்புதல். கவனித்திருப்பீர்கள், கடலில் அலை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கரைக்கு வரும்போது கரைக்கு இணையாகவே வருகிறது. தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வீதி முக்கில் தேரைத் திருப்ப, திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் மெதுவாகும், மறுபக்கம் ஓடும், தேர் தானாகத் திரும்பும். சாய்வாக வரும் அலையின் ஒரு முனை ஆழமில்லாத இடத்துக்கு முதலில் வந்துவிடுகிறது, அது மெதுவாகிறது, ஆழத்தில் உள்ள மறுமுனை வேகமாக வந்து சுற்றிக்கொள்கிறது. இதனால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை அலைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சூழ்ந்து அடிக்கும், உள்வாங்கிய வளைவுகளில் ஆற்றல் பரவி நீர்த்துப்போகும். வாலிநோக்கம் முனையில் அலை மோதுவதையும், வளைவான இடத்தில் வள்ளங்கள் கட்டிக் கிடப்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கே வள்ளம் நிறுத்தலாம் என்று எங்கள் பாட்டன்மார் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அலை முழுசாகத் திரும்பி முடிவதில்லை, கொஞ்சம் சாய்வு மிஞ்சும். அந்தச் சாய்வோடு உடையும்போது கரையோரமாக ஓர் ஓட்டம் கிளம்பி மணலை அள்ளிக்கொண்டு போகும். கச்சான் காலத்தில் மன்னார் பக்கத்திலிருந்து நீரும் மணலும் பாக் விரிகுடாப் பக்கம் போகும், வாடைக் காலத்தில் திரும்பி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் உருவாகி, இன்னும் உருமாறிக்கொண்டே இருக்கிற மணல் நாக்குதான் தனுஷ்கோடி. அதன் நுனிக்கு அரிச்சல்முனை என்று பெயர், அரிக்கப்படுகிற முனை. இந்த வருடம் பார்த்த நுனி அடுத்த வருடம் அதே உருவத்தில் இருக்காது.

அரிச்சல்முனையில் இரண்டு கடல் அலையும் எதிரெதிரே வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இரண்டு உச்சி சேர்ந்தால் உயரம் கூடும், உச்சியும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கும், அதனால்தான் அங்கே அலைகள் ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று குதிக்கின்றன. பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. அங்கே குளிக்கக் கூடாது என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இழுப்பு. உடைந்த அலைகள் தள்ளிக் குவித்த தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டில் எங்கே பள்ளமான வாய் இருக்கிறதோ அங்கே எல்லாம் கூடி ஆறு மாதிரி உள்ளே ஓடும். விநாடிக்கு ஒரு மீட்டர், சமயத்தில் இரண்டு மீட்டர் வேகம்; தேர்ந்த நீச்சல் வீரரே இரண்டு மீட்டர் வேகத்தில் எதிர்நீச்சல் போட்டு நிலைக்க முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த வாயில் ஆழம் கூடுதல் என்பதால் அலை அங்கே உடையாது, நுரை இருக்காது, இரண்டு பக்கமும் வெள்ளை அடித்துக்கொண்டிருக்க நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரியும். குடும்பத்தோடு வருகிறவர்கள் "இங்கே அலை இல்லை" என்று அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் சின்ன வயதில் இரண்டு முறை இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் இறங்கியவர்களுக்கு நீச்சல் தெரியும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, நுரை உள்ள இடத்துக்கு வந்துவிட்டால் அந்த அலையே கரைக்குத் தள்ளும்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் கரைகளும் மன்னார் வளைகுடாதானே, அங்கே தனுஷ்கோடி மாதிரி அறையவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே வாசலில் காவல் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். நீள அலை வந்து பாரில் தட்டியதும் அங்கேயே உடைந்து பெரும்பகுதி ஆற்றலை இழந்துவிடும், தீவுகளுக்கு இடையே புகுந்து வருவதும் விசிறி மாதிரி விரிந்து மெலிந்துவிடும். முயல் தீவுக்கும் மண்டபம் கரைக்கும் நடுவே கடல் தணிந்து கிடப்பது இப்படித்தான். 1986-இல் இந்தத் தீவுப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பல வருடங்கள் பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்துவிட்டார்கள். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகுதான் பிடி இறுகியது. பார் ஒரு முழம் தாழ்ந்தால் அலைக்கு ஒரு முழம் ஆழம் கூடக் கிடைக்கிறது, உடைய வேண்டிய இடத்தில் உடையாமல் தாண்டி வருகிறது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்குள் போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லியும் அப்படியே. எனக்கு இந்த விஷயத்தில் மனசு ஆறவே இல்லை. பாரை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வேறு பிழைப்பு இல்லாத ஏழைகள், அதைத் தடுத்து வேறு வழி காட்டியிருக்க வேண்டியவர்கள் மிகத் தாமதமாக வந்தார்கள்.

இப்போது கள்ளக்கடல். கேரள மீனவர்கள் சொல்கிற சொல் இது, 2012-இல் யுனெஸ்கோவே இதை ஏற்றுக்கொண்டது. இங்கே காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவு, ஆனால் கடல் திடீரென்று ஊருக்குள் ஏறும். தெற்கே 5,000 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை அது. 16 விநாடி அலைக் கூட்டம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் ஆற்றலைக் கொண்டுவரும், வந்து சேர நாலரை நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தப் புயலே ஓய்ந்திருக்கும். ஆழ்கடலில் இதன் உயரம் ஒரு மீட்டரே இருக்கலாம், நீளம் 400 மீட்டர். கரையில் எவ்வளவு தூரம் மேலே ஏறும் என்பதை உயரத்தோடு நீளமும் தீர்மானிக்கிறது. ஒரே சரிவுள்ள கரையில், ஒரே உயரமுள்ள 4 விநாடி அலையை விட இது ஏறக்குறைய நான்கு மடங்கு ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட அலையில்தான் போனார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது, ராமநாதபுரம் கரைக்கும் அடிக்கடி வரும். அந்த எச்சரிக்கையில் உயரத்துக்குப் பக்கத்தில் விநாடியும் போட்டிருக்கும். எங்கள் ஆட்கள் பலர் உயரத்தை மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், அந்த விநாடியையும் படியுங்கள்.

இவ்வளவு நேரம் ஆழமில்லாத கடல் நமக்குக் காவல் என்கிற மாதிரியே பேசிவிட்டேன். புயலில் இது அப்படியே திரும்பிவிடும். பலத்த காற்று தண்ணீரை ஒரே பக்கமாகத் தள்ளும்போது, ஆழமான கடல் என்றால் மேலே போன தண்ணீர் அடி வழியாகத் திரும்பிவிட இடம் உண்டு. 9 மீட்டர் ஆழத்தில் அந்த இடம் இல்லை, தண்ணீர் கரையில் ஏறிக்கொண்டே போகும். காற்று வலு இரண்டு மடங்கானால் ஏற்றம் நான்கு மடங்கு. ஆழம் பாதியானால் ஏற்றம் இரண்டு மடங்கு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்தது இதுதான். கடல் மட்டமே உயர்ந்துவிட்டதால் அலை வழக்கமாக உடைகிற இடத்தில் உடையாமல், உயர்ந்த தண்ணீரின் மேல் ஏறி ஊருக்குள் வந்து உடைந்தது. பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயில் அப்படியே போயிற்று, அதில் மட்டும் 100 பேருக்கு மேல். பாம்பன் ரயில் பாலம் சிதைந்து, 46 நாளில் மறுபடி நிமிர்த்தினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது "அலை வந்தது" என்று சொன்னதே இல்லை, "கடல் வந்தது" என்றுதான் சொல்வார்கள். இயற்பியலும் அதையே சொல்கிறது.

இதே கணக்கின் மறுபக்கம்தான் "ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி" என்று வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிற செய்தி. தட்டையான தரையில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 30 சென்டிமீட்டர் இறங்கினாலே 30 மீட்டர் தரை வெளியே தெரிந்துவிடும். வற்றமும், கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் போதும், படகுகள் தரை தட்டி நிற்கும். சில மணி நேரத்தில் ஏற்றம் வந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் கொந்தளிக்கும் என்பதும் பாதி சரி. நிலவு அலையை உண்டாக்குவதில்லை, ஏற்ற வற்றத்தைக் கூட்டுகிறது. ஏற்றத்தில் கரையோர ஆழம் கூடுவதால் அலை இன்னும் கிட்டே வந்து உடைகிறது.

சுனாமியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் நீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஆகவே அதற்கு 4,000 மீட்டர் ஆழமுள்ள பெருங்கடலே ஆழமில்லாத கடல்தான். அங்கே மணிக்கு 700 கிலோமீட்டர் வேகம், 9 மீட்டர் ஆழத்தில் 34 கிலோமீட்டர். 2004-இல் நாகப்பட்டினத்தை அப்படி அழித்தது ராமநாதபுரத்தில் அவ்வளவு சேதம் செய்யாததற்கு முதல் காரணம் நடுவில் நின்ற இலங்கை.

நீங்கள் மறுபடி வருவதாக இருந்தால் ஆனி, ஆடியில் வாருங்கள், ஆடி அமாவாசைக் கூட்டத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காலையில் அக்னி தீர்த்தத்தில் நின்று ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே விநாடி எண்ணுங்கள். அப்புறம் தனுஷ்கோடி சாலையில் போய்த் தென்கரையில் இறங்கி, தண்ணீரில் கால் வைக்காமல் மேட்டிலேயே நின்று, இருபது அலை எண்ணி மொத்த விநாடியை இருபதால் வகுங்கள். முதலில் நாலோ ஐந்தோ வரும், அடுத்து பத்துக்கு மேல் வரும். சில அலைகள் பெரிதாக வந்து, பிறகு கொஞ்ச நேரம் தணிந்து கிடப்பதும் தெரியும். சற்றே வேறுபட்ட இரண்டு அலைக் கூட்டம் சேர்ந்தும் பிரிந்தும் வருவதால் அப்படி. அந்தத் தணிவுக்காகத்தான் நாட்டுப்படகுக்காரர்கள் கரையில் கை வைத்துக் காத்திருந்து, சட்டென்று தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள்.